கருப்பனை என்ன செய்வது?

கேள்வி: உம்சிண்டோவிலிருந்து மேற்கே உள்ளே போகும் சாலையில் எங்கள் நிலம் இருக்கிறது. தாத்தா காலத்தில் எல்லாம் கரும்புதான். அப்பா 1990களில் மேட்டு நிலத்தில் கரும்பை நிறுத்திவிட்டு, தூய ங்குனி இன மாடுகளை இறைச்சி விற்பனைக்காக வளர்க்கத் தொடங்கினார். அவர் மறைந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது தம்பியும் நானும் பார்த்துக்கொள்கிறோம். 26 பசுக்கள், ஒரே பொலிகாளை. அவன் பெயர் கருப்பன், வயது 9. ஏழு வருடமாக அவன்தான் மந்தையில், வருடம் முழுவதும் பசுக்களோடேயே இருக்கிறான். சென்ற ஆண்டு 14 கன்றுகள்தான் கிடைத்தன. இரண்டு பசுக்கள் சினையின் ஏழாம் மாதம் வாக்கில் கரு கலைந்து கன்று வீசிவிட்டன. ஏலத்தில் “சின்ன மாடு” என்று சொல்லி விலையைக் குறைக்கிறார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் தம் பிராமன் காளையை இரவல் தருவதாகச் சொல்கிறார். தம்பிக்கு அதில் ஆசை. இல்லையென்றால் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்திலிருந்து நல்ல சான்றிதழ் உள்ள ங்குனி காளை ஒன்றை வாங்கலாம் என்கிறான். அம்மாவோ, கருப்பனை வெட்டுக்கு அனுப்பினால் இந்த வீட்டில் அடுப்பு எரியாது என்கிறார். என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குவாசூலு-நடால், தென்னாப்பிரிக்கா

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

எந்தக் காளை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் காளைக்குப் போகுமுன் உங்கள் கடிதத்தின் நடுவில் இருக்கும் ஒரு வரியில் நின்றுவிட்டேன். இரண்டு பசுக்கள் ஏழாம் மாதம் வாக்கில் கன்று வீசின என்று, மழை பெய்தது என்பதுபோல எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டீர்கள். நாற்பது வருடம் இந்த மாகாணத்தில் மாட்டு வைத்தியம் பார்த்தவனுக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியாது.

ஐந்தாம் மாதத்துக்கு மேல் பசு கன்று வீசினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது புருசெல்லோசிஸ். தமிழில் இதற்குக் கன்று வீச்சு நோய் என்றே பெயர். இங்கே பண்ணையாளர்கள் ‘கன்டேஜியஸ் அபார்ஷன்’ என்பதைச் சுருக்கி ‘சி.ஏ.’ என்பார்கள். கன்று வீசுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. லெப்டோஸ்பைரா உண்டு, விஷச் செடி உண்டு, கடுங்காய்ச்சல் உண்டு. ஆனால் இது இல்லை என்று உறுதியாகும்வரை இதுதான் என்று வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். காரணம், இது மாட்டோடு நிற்பதில்லை. வீசிய கன்று, நஞ்சுக்கொடி, அதோடு வரும் நீர் எல்லாவற்றிலும் கிருமி நிறைந்திருக்கும். மற்றப் பசுக்கள் அதை முகர்ந்தும் நக்கியும் வாங்கிக்கொள்ளும். வெறும் கையால் தொட்ட மனிதனுக்கும் வரும். பச்சைப் பால் வழியாகவும் வரும். உங்கள் மேய்ப்பர் அந்தப் பாலைத் தோய்த்து அமாசி செய்து குடிப்பவராக இருந்தால், இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். பாலைக் கொதிக்கவைத்த பிறகு எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். அந்த இரண்டு கன்றுகளை அப்புறப்படுத்தியவர் யார்? தம்பியா, மேய்ப்பரா? விட்டு விட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டு வலி என்று அவர்களில் யாருக்காவது இருந்தால், மருத்துவரிடம் போகும்போது “எங்கள் மாடுகள் கன்று வீசின” என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மருத்துவர் ஃப்ளூ என்று நினைத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். அப்படி எட்டு மாதம் அலைந்த ஒரு பால்பண்ணைக்காரரை எனக்குத் தெரியும்.

ஆகவே முதல் வேலை, அரசு கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு மந்தை முழுவதற்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது. சந்தேகத்தைத் தெரிவிப்பது சட்டப்படியும் உங்கள் கடமை. பலர் இதற்குப் பயப்படுகிறார்கள். நோய் உறுதியானால் மந்தை தடைக்குள் வரும், நோயுள்ள மாட்டின் கழுத்தில் ‘சி’ முத்திரை விழும், அது வெட்டுக்குத்தான் போகும், அதுவும் அனுமதிச் சீட்டோடு. பயம் நியாயமானதுதான். ஆனாலும் தெரியாமல் ஒரு கிடேரியை இனவிருத்திக்கென்று விற்று அது இன்னொருவர் மந்தையைக் கெடுத்தால், உங்கள் அப்பா முப்பது வருடம் சேர்த்த பெயர் ஒரே பருவத்தில் போய்விடும்.

இதோடு சேர்த்து ஒன்று கேட்கிறேன். 4 மாதம் முதல் 8 மாதம் வரை வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு இந்த நோய்க்கான தடுப்பூசி இந்நாட்டில் கட்டாயம். அப்பா காலத்தில் போட்டிருப்பார். கடந்த இரண்டு வருடத்தில் போட்டீர்களா? எஸ்19 என்ற ஊசியை அந்த வயதைத் தாண்டிய மாட்டுக்குப் போட்டால் பின்னால் பரிசோதனையில் நோய் இருப்பதுபோலவே காட்டிக் குழப்பும். காளைக் கன்றுகளுக்குப் போடவே கூடாது. உயிருள்ள கிருமியால் ஆனது என்பதால் தம்பி தன் விரலில் குத்திக்கொண்டால் அவனுக்கே ஆபத்து. இதை மருத்துவரை வைத்தே செய்யுங்கள். ஆந்த்ராக்ஸ் என்னும் அடைப்பான் நோய்க்கான ஊசியும் வருடம் ஒருமுறை கட்டாயம்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். 26 பசுவுக்கு 14 கன்று என்றால் 54 சதவீதம். ங்குனி மந்தையில் 80-க்குக் கீழே போனாலே நான் கவலைப்படத் தொடங்குவேன். காய்ந்த புல்லைத் தின்று, உண்ணியைத் தாங்கி, உதவிக்கு ஆள் இல்லாமல் தானே ஈன்று, அடுத்த வருடமும் கன்றோடு நிற்பதுதான் இந்த இனத்தின் பெருமை. அந்த மாடு பாதிக்குப் பாதி சும்மா நிற்கிறது என்றால் குறை இனத்தில் இல்லை. தம்பி இனத்தை மாற்றலாம் என்கிறான். கூரை ஒழுகுகிறது என்று வீட்டுக்கு வேறு நிறம் அடிப்பது மாதிரி.

கருப்பனைச் சந்தேகிக்க இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, டிரைக்கோமோனியாசிஸ், விப்ரியோசிஸ் என்னும் இரண்டு பாலுறவு நோய்கள். காளைக்கு ஒன்றும் ஆகாது, கொழுகொழுவென்றுதான் இருக்கும். ஆனால் அதன் ஆண்குறி உறையின் மடிப்புகளில் கிருமி குடியிருக்கும். வயதான காளையில் மடிப்பு ஆழமாக இருப்பதால் நிரந்தரமாகத் தங்கிவிடும். பசு சினையாகும், சில வாரங்களிலேயே யாருக்கும் தெரியாமல் கரு கலையும், பசு மறுபடி பருவத்துக்கு வரும். ‘இந்தப் பசு தாமதமாகத்தான் பிடிக்கும்’ என்று நாம் சொல்லிக்கொள்வோம். வேலி தாண்டிப் பக்கத்து மாடுகள் கலக்கும் இடங்களில் இது சர்வ சாதாரணம். மருத்துவர் காளையின் உறையைக் கழுவி மாதிரி எடுப்பார். ஒருமுறை சுத்தம் என்று வந்தால் போதாது, இடைவெளி விட்டு மூன்று முறை வர வேண்டும். கூடவே விந்தையும் பார்க்கச் சொல்லுங்கள், விதைப்பையின் சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது காரணம் கருப்பனின் உடம்பில் இல்லை, உங்கள் மந்தையின் வம்சாவளியில் இருக்கிறது. அவன் ஏழு வருடமாக இருக்கிறான் என்றால் அவனுடைய மகள்கள் இப்போது பசுக்களாக நிற்கிறார்கள். அவர்களோடும் அவனே சேர்கிறான். அப்பாவுக்கும் மகளுக்கும் பிறக்கும் கன்றின் உட்கலப்பு அளவு 25 சதவீதம். நமக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன்: மாமன் மகளைக் கட்டினால் பிறக்கும் பிள்ளைக்கு அந்த அளவு 6.25, அக்காள் மகளைக் கட்டினால் 12.5. கருப்பன் வீட்டில் நடப்பது அதற்கும் இரண்டு மடங்கு. அந்த மகளுக்குப் பிறந்த மகளோடும் அவன் சேர்ந்தால் 37.5. இப்படிப்பட்ட மந்தையில் முதலில் அடிபடுவது சினைபிடித்தல், அடுத்தது கன்று பிழைத்தல், பிறகு வளர்ச்சி. தூய இனம் என்றால் ஒரே வீட்டு இரத்தம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே இனத்துக்குள் வெவ்வேறு வம்சங்களைக் கலந்துகொண்டே போனால்தான் அந்தத் தூய்மை நிலைக்கும். பெரிய பண்ணைகள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை காளையை மாற்றுவது இதற்காகத்தான். உங்கள் அப்பா இதை அறிந்திருப்பார். கடைசி வருடங்களில் உடல் முடியாமல் விட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

பக்கத்துத் தோட்டக்காரரின் பிராமனுக்கு வருகிறேன். அந்த மாட்டின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அமெரிக்காவின் தென்கரையில் குசராத், கிர், நெல்லூர் மாடுகளைக் கலந்து உருவாக்கிய இனம் அது; 1950களில் நமீபியா வழியாக இந்த நாட்டுக்கு வந்தது. நெல்லூர் மாடு மதராசுக்கு வடக்கே உள்ள கரைச்சீமையைச் சேர்ந்தது. நம் முன்னோரை முதன்முதலில் ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் வந்து நின்ற ட்ரூரோ கப்பலும் மதராசிலிருந்து கிளம்பியதுதான். ஒருவகையில் அது நம் ஊர்க்காரன். இருந்தாலும் இரவல் காளை வேண்டாம். வருடம் முழுவதும் யார் யார் மந்தைக்கெல்லாம் போய்வந்ததோ, என்ன நோயை உறையில் சுமந்துகொண்டிருக்கிறதோ தெரியாது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதையாகிவிடும். அதைவிட, முதல் கலப்புக் கன்றுகள் கண்ணைப் பறிக்கும்: உயரமாக, பளபளப்பாக, எடையாக. தம்பி அந்தக் கிடேரிகளை விற்க மனம் வராமல் வைத்துக்கொள்வான். ஐந்தே வருடத்தில் ங்குனியும் இல்லை, பிராமனும் இல்லை, பதிவும் இல்லை.

எடைதான் வேண்டும் என்றால் அதற்கு நேர்வழி இருக்கிறது. பரிசோதனையெல்லாம் முடிந்தபின் நல்ல 16 பசுக்களை மட்டும் தூய இனத்துக்கு ஒதுக்குங்கள். தரத்தில் கீழே நிற்கும் மீதிப் பசுக்களுக்கு ஆங்கஸ் அல்லது வேறு பெரிய இறைச்சி இனத்தின் விந்தைச் செயற்கை முறையில் செலுத்துங்கள். ங்குனி பசு தன் அளவைவிடப் பெரிய இனத்துக் கன்றையும் சிரமமில்லாமல் ஈனக்கூடியது. முதல் ஈற்றுக் கிடேரிகளுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். பிறக்கும் கலப்புக் கன்றுகளுக்கு வேறு நிறக் காது வில்லை போடுங்கள். ஆணோ பெண்ணோ, ஒன்றுவிடாமல் எல்லாம் விற்பனைக்கு. இதில் தம்பியிடம் எழுதிக் கையெழுத்தே வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன்.

ஃப்ரீ ஸ்டேட் காளை யோசனையைக் கேட்டதும் பழைய நினைவு ஒன்று வந்தது. கடற்கரைப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர் ஹைவெல்ட் என்னும் உள்நாட்டு உயர்வெளியிலிருந்து பொன்ஸ்மாரா இனக் காளை ஒன்றை ஏலத்தில் எடுத்துவந்தார். அந்தச் சீமையில் பரிசு வாங்கிய காளை. மூன்றாம் வாரம் என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது காளை முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து, வட்டமாகச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. அன்று இரவே விழுந்துவிட்டது. அறுத்துப் பார்த்தபோது இதயத்தைச் சுற்றியுள்ள பையில் நீர் கட்டியிருந்தது. ஹார்ட்வாட்டர் என்று அதற்குப் பெயர் வைத்ததே அதனால்தான். வண்ண உண்ணி என்னும் பொண்ட் உண்ணி பரப்பும் நோய். நம் கரையோரத்தில் அந்த உண்ணி ஏராளம். ஃப்ரீ ஸ்டேட்டின் உயர்வெளியில் கிடையாது. இங்கே பிறக்கும் கன்று முதல் சில வாரங்களில் இயற்கையாகவே தாங்கும் சக்தியோடு இருக்கும், அப்போது உண்ணி கடித்து எதிர்ப்பும் பெற்றுவிடும். அங்கே வளர்ந்த காளைக்கு அந்த வாய்ப்பே இல்லை. ங்குனி உண்ணியைத் தாங்கும் மாடுதானே என்று தம்பி கேட்பான். தாங்கும் இனம்தான், ஆனால் இந்த நோயையே பார்க்காத மாட்டுக்கு இனம் மட்டும் கவசம் ஆகாது. சான்றிதழில் இதெல்லாம் எழுதியிருக்காது.

எனவே காளையை நம்மைப்போலவே உண்ணி உள்ள சீமையிலிருந்து வாங்குங்கள். வயது இரண்டு முதல் மூன்று. விற்பவரிடம் காளையைப் பார்க்குமுன் அதன் தாயைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மாதத்தில் முதல் கன்று ஈன்றது, அதன்பின் வருடத்துக்கு ஒன்று தவறாமல் ஈன்றதா? இந்த இரண்டு பதிலும் நன்றாக இருந்தால் மற்றதைப் பேசலாம். ங்குனி வாங்கப் போகிறவர்கள் தோலின் நிறத்தில் மயங்கிவிடுவார்கள். முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் இன்கோனே மாட்டைப் பார்த்தால் எனக்கே கை பரபரக்கும். நிறத்தைக் கடைசியில் பாருங்கள். மேலே சொன்ன பாலுறவு நோய்களுக்கும் கன்று வீச்சு நோய்க்கும் பரிசோதித்த தாள் இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். 2021 முதல் நம் மாகாணத்தில் கோமாரி நோய் தலைகாட்டியபடி இருப்பதால், எங்கிருந்து மாட்டை நகர்த்தலாம் என்பதை வாங்குவதற்கு முன்பே அரசு மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். விற்பவரின் உடல்நலப் பிரமாணம் எழுத்தில் வேண்டும். வந்தபின் 28 நாள் தனியே கட்டிவைக்க வேண்டும்.

காளை கைக்கு வந்தபின் அதை வருடம் முழுவதும் பசுக்களோடு விடாதீர்கள். நவம்பர் தொடக்கத்தில் விட்டு ஜனவரி கடைசியில் பிரித்துவிடுங்கள். ஆகஸ்ட் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் எல்லாக் கன்றுகளும் விழுந்துவிடும். பசுவுக்குப் பால் ஊறும் நேரத்தில் புதுப்புல்லும் வந்திருக்கும். இளங்காளைக்கு 20 பசுக்களுக்கு மேல் கொடுக்காதீர்கள். ஏப்ரலில் மருத்துவரை வரவழைத்துச் சினை பார்க்கச் சொல்லுங்கள். அப்போதுதான் எந்தப் பசு வேலை செய்கிறது, எது விருந்தாளி என்று தெரியும். குளிர்காலத்தில் நம் புல் புளித்துச் சத்திழந்துவிடும். கரும்புத் தோகை வயிற்றை நிரப்புமே தவிரப் புரதம் தராது. யூரியா கலந்த நக்கு உப்பு வையுங்கள், ஆனால் கூரையுள்ள தொட்டியில். மழைநீர் தேங்கி அதைக் குடித்த மாடு அரை மணி நேரத்தில் செத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

விலைக்குறைவைப் பற்றி. அது உண்மைதான். கொழுக்கவைக்கும் பண்ணைகள் ங்குனி கன்றைச் சின்னது என்று கழிக்கின்றன, அதை மாற்ற உங்களால் முடியாது. ஆனால் அந்த ஒரே சந்தையில் ஏன் நிற்க வேண்டும்? நோயற்ற மந்தை என்ற பெயர் இருந்தால் கிடேரிகள் இனவிருத்திக்கு விலைபோகும். சூலு குடும்பங்களில் பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் பரிசமான லொபோலாவுக்குப் பதினொரு மாடு தேட வேண்டிய மாமன்மார்கள் ங்குனியைத்தான் விரும்பித் தேடி வருவார்கள். காயடித்த ஆண் கன்றுகளை இரண்டரை வயதுவரை புல்லிலேயே விட்டு, உள்ளூர் இறைச்சிக் கடைக்காரரிடம் நேரே பேசி விற்கலாம். உங்கள் நிலத்தில் புல் மிச்சம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது.

உங்கள் அம்மாவை நினைத்துத்தான் இந்தக் கடிதத்தை இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். நானும் மாட்டிறைச்சி ஏறாத வீட்டில் வளர்ந்தவன். தைப்பொங்கலுக்கு மறுநாள் மாட்டுக்குப் பொட்டு வைத்துவிட்டு, அடுத்த வாரம் அதே பண்ணையில் லாரி ஏறும் மாடுகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதற்குச் சமாதானமாக ஒரு பதில் என்னிடம் இல்லை. அம்மாவிடம் பொய் சொல்லாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். வேறு பண்ணைக்கு அனுப்பிவிட்டோம் என்று சொல்லிவிட்டுக் கருப்பனை லாரியில் ஏற்றினால், மேய்ப்பர் வழியாக ஒருநாள் அது அவர் காதுக்கு வரும்.

பரிசோதனை முடிவைப் பொறுத்து மூன்று நிலை இருக்கிறது. கன்று வீச்சு நோய் என்று வந்தால் முடிவு உங்கள் கையிலும் இல்லை, அம்மாவின் கையிலும் இல்லை. அதை அரசு மருத்துவரே வந்து அம்மாவிடம் சொல்லட்டும். உறையில் பாலுறவு நோய் என்று வந்தாலும் அவனை வைத்துக்கொள்ளாதீர்கள். வேலி ஒருநாள் விழும், அன்று எல்லாம் முதலிலிருந்து. சுத்தமாக இருந்தால், வயதுதான் குறை என்றால், அவனை வைத்துக்கொள்ளுங்கள். பசுக்கள் இல்லாத தனி மேய்ச்சலில், இரட்டை வேலிக்குள், துணைக்கு இரண்டு காயடித்த மாடுகளோடு விடுங்கள். ஒரு பெரிய மாடு மேயும் புல் உங்களுக்குச் செலவு. அப்பா நினைவாக அதைச் செய்வதில் கணக்குப் பார்க்கிற வைத்தியன் நான் இல்லை.

அவன் என்ன ஆனாலும், பரிசோதனை அன்றே அவன் வாலிலிருந்து வேரோடு கொஞ்சம் மயிரைப் பிடுங்கிக் காகித உறையில் போட்டுப் பெயரெழுதி வையுங்கள். டி.என்.ஏ. சோதனையில் எந்தெந்தப் பசு அவன் மகள் என்பதை அதைக்கொண்டு உறுதிசெய்யலாம். அப்பாவின் பதிவு நோட்டு பாதியில் நின்றிருந்தால் அதைத் தொடர இதுதான் வழி. தூய இன மாடுகளின் வம்சாவளியைப் பதியும், புளூம்பொன்டைனில் இருக்கும் ஸ்டட் புக் அலுவலகத்தில் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள். மாட்டுக்குப் போடும் சூட்டுக்குறியும் அப்பா பெயரிலேயே இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் விற்கும் நாளிலும் திருட்டுப்போகும் நாளிலும் சிக்கல்தான்.

திங்கட்கிழமை காலை அரசு மருத்துவரைக் கூப்பிடும்போது அவர் முதலில் கேட்கப்போவது, கன்று வீசிய அந்த இரண்டு பசுக்களின் காது எண்களைத்தான். எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்று மாலை மேய்ப்பரைக் கேளுங்கள். அவருக்கு நினைவிருக்கும்.